வீட்டுக்கு ஒரு வரி

சித்திரை பிறந்தால் எங்கள் ஊரில் திருவிழா வரி எழுத வந்துவிடுவார்கள். பலசரக்குக் கடையில் இருக்குமே, அந்த நீளப் பேரேடு ஒன்று கக்கத்தில் இருக்கும். அதில் தெருவாரியாகத் தலைக்கட்டுகளின் பெயர்கள். கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவனெல்லாம் ஒரு தலைக்கட்டு. அந்த வீட்டில் எட்டுப் பேர் இருக்கலாம், இரண்டே பேர் இருக்கலாம், வரி ஒன்றுதான். புருஷனை இழந்து தனியே இருக்கும் பெண்களுக்குப் பாதி. "முடிஞ்சதைக் குடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவதும் உண்டு.

அப்பா திண்ணையை விட்டு எழாமலே கேட்பார். "என்ன மாப்ள, இந்த வருஷம் கச்சேரிக்கு யாரு பார்ட்டி?"

"திருச்சி பார்ட்டி மாமா. ரெண்டு லேடீஸ் வாய்ஸ் இருக்கு."

வரி ஏன் போன வருஷத்தைவிடக் கூடுதல் என்ற கேள்வி அதோடு அடங்கிவிடும்.

காப்புக் கட்டுவதிலிருந்து மஞ்சள் நீர் விளையாட்டு வரை எல்லாம் அந்த ஒரு வரிக்குள். அலங்காரம், மேளம், வாணவேடிக்கை, தென்னை மரத்தில் குழாய் கட்டும் ரேடியோ செட், கடைசி நாள் பாட்டுக் கச்சேரி. கச்சேரிக்கென்று தனியாக யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை. அதை இலவசம் என்றும் யாரும் சொன்னதில்லை. எங்கள் கச்சேரி, அவ்வளவுதான்.

சாயங்காலமே பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடி இடம் பிடிப்பது பிள்ளைகளின் வேலை. போட்ட பாயை ஒரு முழம் நகர்த்தி வைத்தார்கள் என்பதற்காக இரண்டு வீட்டுப் பெண்கள் மறு திருவிழா வரை பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஏழு மணிக் கச்சேரி ஒன்பதரைக்குத் தொடங்கும். "ஹலோ, மைக் டெஸ்டிங்" அரை மணி நேரம். முதலில் ஒரு பக்திப் பாட்டு, பிறகு வரிசையாக சினிமாப் பாட்டு. துண்டுச் சீட்டில் பாட்டுப் பெயர் எழுதி, பத்து ரூபாயை மடித்து வைத்து மேடைக்கு அனுப்புவார்கள். பாடகர் சீட்டைப் பிரித்து, மேலத்தெரு இன்னார் அன்பளிப்பு என்று வாசிப்பார். கீழத்தெருவுக்குப் பொறுக்காது, இருபது ரூபாய் வரும். பத்தரை மணிக்கு நாங்கள் தூங்கிவிடுவோம். பாட்டி மட்டும் கடைசிப் பாட்டு வரை வெற்றிலையை மென்றபடி விழித்திருப்பாள். அவளுக்கு சினிமாப் பாட்டு ஒன்றும் தெரியாது. டிரம்ஸ் வாசிக்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

இதை ரொம்பவும் பொன்னாக்கிவிடக் கூடாது. எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் வரி வாங்கவில்லை. வரி கேட்காமல் விட்டது சலுகையும் அல்ல. உன் காசு வேண்டாம் என்றால் நீ இந்த ஊர்க் கணக்கில் இல்லை என்று அர்த்தம். அந்தத் தெருக்காரர்கள் பந்தல் வெளிச்சம் முடிகிற இடத்தில் நின்றுதான் பாட்டுக் கேட்டார்கள். வரி கொடுக்கும் உரிமைக்காகவே வழக்குக்குப் போன ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

கட்சி மேடைகள் வேறு மாதிரி, அங்கே வரி கிடையாது. பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் ஊர் ஊராகப் பாடினார். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் 1976-இல் அன்னக்கிளி மூலம் சினிமாவுக்கு வந்த இளையராஜா. பிற்பாடு அவர் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர்களின் அப்பாக்களில் சிலர், அதே கையின் ஹார்மோனியத்தைத் தெருமுனையில் பீடி குடித்துக்கொண்டே கேட்டிருக்கக்கூடும்.

திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனைக்குச் சித்தப்பா ஒருமுறை கூட்டிப்போனார். தை மாதக் குளிர், காவிரிக் கரை, மணலில் ஜமக்காளம். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரியில். இன்று நாம் பார்க்கும் சமாதிக் கோயிலை 1920-களில் தன் சொத்தைப் போட்டு எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே உட்கார்ந்து பாட முடியாது என்று இருந்த காலத்தில் பெண்களுக்கென்று தனி அணி கண்டவரும் அவர்தான். டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்களுக்குச் சன்மானமும் கிடையாது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் தொடங்கியபோது எனக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதன் அம்மா எழுந்து பத்தடி தள்ளிப்போய் உட்கார்ந்து, மடியில் போட்டுப் பால் கொடுத்தபடியே பாட்டைத் தொடர்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிக்கெட் போட்ட அரங்கில் இது நடந்திருந்தால் நாலு வரிசை திரும்பிப் பார்த்திருக்கும். காசு கொடுத்தவனுக்கு அமைதி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. கேட்பதும் நியாயம்தான்.

சென்னைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் என்ற சமாசாரம் எனக்குப் புரிந்தது. சபாக்களின் ஊர் இது. பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் தொடங்கியது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் கையோடு மறு வருஷம் மியூசிக் அகாடமி வந்தது. ராஜாக்களும் ஜமீன்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் சுமந்த செலவை, சந்தா என்ற பெயரில் நடுத்தரக் குடும்பத்துத் தலைவர்கள் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு அது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜமீன்தாரின் தயவை நம்பியிருந்த வித்வானுக்குச் சபா ஒரு கௌரவத்தைக் கொடுத்தது.

ஆனால் கணக்கு மாறிவிட்டது. ஊரில் வீட்டைக் கேட்டார்கள். இங்கே ஆளைக் கேட்கிறார்கள். டிக்கெட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது பெரிய தொகை இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர். 1,500 ஆயிற்றா? போகவர ஆட்டோ. சபா கேன்டீன் வாசனையைத் தாண்டிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக யாராலும் முடியாது. ரவா தோசையும் அசோகா அல்வாவும் காபியும் சேர்ந்தால் டிக்கெட்டையே தொட்டுவிடும். கச்சேரி ஒன்பதுக்கு முடியும், காலையில் பள்ளிக்கூடம்.

இப்படிப் பெருக்கிப் பார்க்கும் வீட்டில் முதலில் கழிவது குழந்தைகள். அதுகளுக்கு என்ன புரியும் என்பார்கள். அடுத்து அம்மா, எனக்கென்ன, டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளே சொல்லிவிடுவாள். அப்புறம் மனைவி, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று. கடைசியில் அங்கவஸ்திரத்தை மடித்துப் போட்டுக்கொண்டு ஆண்பிள்ளை ஒருவன் மட்டும் கிளம்புகிறான். இருபது வருஷம் கழித்து, சபாவில் நரைத்த தலைதான் தெரிகிறது, இளைஞர்கள் வருவதில்லை என்று அவனே பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறான்.

அரசாங்கமும் ஆள் கணக்குதான் பார்க்கிறது. தலைக்கு 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. 2018 ஜனவரிக்கு முன்னால் அந்த வரம்பு 250. அதைத் தாண்டினால் 18 சதவீதம். சின்னக் கச்சேரிகளுக்கு இது உதவியே. சினிமா இசையமைப்பாளர் மைதானத்தில் நடத்தும் கச்சேரிக்கு ஐந்து பேர் போக ஒரு மாதச் சம்பளத்தில் கை வைக்க வேண்டியிருப்பதற்கு யாரிடமும் மருந்தில்லை. அது வேறு வியாபாரம், விடுங்கள்.

மத்தியானம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் வளர்ந்துவரும் பிள்ளைகள் பாடும் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. நல்ல வழக்கம். ஆனால் அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவனும் வர முடியாது, பள்ளிக்குப் போகிறவனும் வர முடியாது. சாயங்காலக் கச்சேரியிலோ புரவலர்களுக்கென்று ஒதுக்கிய முன்வரிசைகள் பல நாள் காலியாகக் கிடக்கும். அந்த வெற்று நாற்காலிகளைப் பார்த்துத்தான் வித்வான் ஆலாபனை செய்கிறார்.

இந்த நகரத்துக்கு வேறு வழி தெரியாமல் இல்லை. 1930-இலிருந்து 1938-இல் அகில இந்திய வானொலி வரும்வரை சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது. ரேடியோப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சுண்டல் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். மாநகராட்சிக்குக் காசு ஏது? வீட்டு வரியும் அதில் உண்டு. எங்கள் ஊர்ப் பேரேடு ரிப்பன் மாளிகைக்கும் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிற்பாடு 2007-இல் சென்னை சங்கமம் கலைவிழா வந்தபோது பூங்காக்களில் பறை கேட்டது, கரகம் ஆடினார்கள். 2015-இல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்கள் தெருவிலேயே விழா நடந்தது, பாடகர் டி.எம். கிருஷ்ணா முன்னின்ற முயற்சி. சபா வாசலை மிதிக்காத பிள்ளைகள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கர்நாடக இசை கேட்டார்கள். மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்தில் கேட்க வருகிறவர்களிடம் காசு கேட்பதில்லை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மைக் இல்லாமல் சிறுவர்கள் பாடுவார்கள். என் மகள் முதன்முதலில் ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டது அங்கேதான். கேட்டாள் என்றால், நடுநடுவே சறுக்குமரத்துக்கு ஓடிவிட்டு, தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் ஓடிவந்து மிருதங்கக்காரப் பையனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். அம்மாவும் வந்திருந்தாள். பெஞ்சில் சாய்ந்துகொண்டு, தாளத்தை விட்டுவிட்டாலும் கவலைப்படாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். நால்வரையும் ஐவரையும் பெருக்க வேண்டிய அவசியமே இல்லாத காலை.

ஆனாலும் இலவசத்தை மட்டும் நம்பிக் கலைஞன் பிழைக்க முடியாது. மிருதங்கக்காரருக்கும் கடம் வாசிப்பவருக்கும் வாடகை இருக்கிறது, அவர்களுக்கும் ஐந்து பேர் குடும்பம் இருக்கிறது. பாட்டுக்குக் காசு வாங்கத்தான் வேண்டும். யாரிடம், எந்தக் கணக்கில் என்பதுதான் பேச்சு. எங்கள் ஊரில் திருச்சி பார்ட்டிக்குப் பேசிய தொகையைக் குறைத்ததில்லை. விடிகாலையில் வேன் கிளம்பும் முன் எண்ணிக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

சபாக் காரியதரிசிகளிடம் கேட்டுக்கொள்வது இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடியட்டும். வித்வானுக்கு வழக்கமான சன்மானத்தைக் குறைக்காதீர்கள். முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டு ஜமக்காளம் விரித்துப் பிள்ளைகளை மேடைக்குப் பக்கத்தில் உட்காரவிடுங்கள். அழுகிற குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொல்லும் அறிவிப்பை அன்று ஒருநாள் செய்யாதீர்கள். வாசலில் ஆள் எண்ணாமல் வீட்டுக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள். மூன்று மாதம் நடத்திப் பார்த்து, நஷ்டம் வந்தால் நிறுத்திவிடுங்கள்.