பத்துக்குப் பன்னிரண்டில் ஸ்டீரியோ

லயக் காம்பிராவின் அளவை நாங்கள் சொல்லித்தான் நீங்கள் தெரிஞ்சுக்கணும் என்றில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ரெண்டு ஸ்பீக்கர், நாங்கள் மூன்று பேர். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைக்கச் சொல்கிறார்கள் ஆடியோ பற்றி எழுதுகிறவர்கள். இங்கே மூன்றடி தள்ளினால் அது அடுப்படிக்குப் போயிடும். பக்கத்துக் காம்பிராவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான், பாஸைக் கூட்டினால் அங்கே ஏனம் ஆடும். மேலே தகரம். ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் எல்லா ஆம்ப்பும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஆம்ப் மாத்தி, டாக் மாத்தி என்ன கேட்கப் போறீங்க என்று ஊரில் கேட்காத ஆளில்லை. எங்களிடம் ஒரு கசட் இருக்கு. தொண்ணூறுகளின் நடுவில் சின்னம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது, எழுதத் தெரியாத அம்மாயி பேசி அனுப்பினது. ஊர்க்கதை, நலம் விசாரிப்பு, நடுநடுவே கொழுந்து எடுக்கும்போது பாடுகிற ரெண்டு மூன்று பாட்டு. சின்னம்மா திரும்பி வந்தபோது கசட்டும் வந்தது. அம்மாயி இப்போது இல்லை. அந்தக் குரலை ஒழுங்காகக் கேட்க எந்தப் பெட்டிக்குக் காசு போடலாம் என்கிறதுதான் கேள்வி.

முதலில் டாக். எண்களாக இருக்கிற ஒலியை மின்சாரமாக மாத்தித் தருகிற சில்லு அது. போனிலும் லெப்டொப்பிலும் ஏற்கனவே ஒன்று இருக்கு. தனியாக வாங்கினால் வித்தியாசம் வருமா என்று பார்க்க மூன்றை எடுத்தோம்: லெப்டொப்பின் ஹெட்போன் துளை, ஆப்பிளின் சின்ன வெள்ளை வயர், பிசிஎம்5102 சில்லு வைத்த ஒரு போர்ட். ஆப்பிள் வயர் அமெரிக்காவில் 9 டொலர். டொலருக்கு 300 ரூபா வைத்தால் 2,700. 2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனதே, அந்தக் கணக்கில் சரியாக ரெண்டு பேர். கொழுந்து குறைந்து அரைப் பேர் விழுந்தால் நாலு நாள். எங்கள் வீட்டில் சாமான் விலையை இப்படித்தான் எண்ணுவோம்.

போர்டைப் போட்டதும் மூன்று பேருக்கும் அதுதான் பிடிச்சது. பாட்டு விரிந்து, முன்னுக்கு வந்து நின்றது. ஆனால் அந்தச் சில்லு 2.1 வோல்ட் வரை தள்ளும், ஆப்பிள் வயர் 1 வோல்ட் மட்டும். அதாவது போர்ட் 6 டெசிபலுக்கு மேல் சத்தம் கூட. கொஞ்சம் சத்தம் கூடினாலே காதுக்கு அது நல்ல ஒலியாகத்தான் படும், கடைக்காரர்களுக்கு இது நல்லாத் தெரியும். அதனால் 400 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் ரெண்டும் ஒரே வோல்ட் காட்டுகிற மாதிரி வொலியூமைச் சரிக்கட்டினோம். பிறகு ஒருத்தர் சேலைத் திரைக்குப் பின்னால் மாத்தி மாத்திப் போட, மற்ற ரெண்டு பேரும் கூடிப் பேசி எது என்று சொல்லணும். 20 தடவையில் 11 சரி. காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும்!

லெப்டொப் துளையை மட்டும் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்தோம். சார்ஜரில் இருக்கும்போது அதில் ஒரு உறுமல். சார்ஜரைப் பிடுங்கினால் போயிடுது. எங்கள் லயத்து வயரிங்கில் எர்த் கிடையாது, அந்த அழுக்கெல்லாம் ஒலிக்குள்தான் வந்து சேருது.

ஆம்ப்பில் கதை வேறு. மாமா ஒருத்தர் டிடிஏ2030 ஐசி போட்டுக் கட்டின பழைய செட், கையகல டிபிஏ3116 போர்ட், ரெண்டையும் வைத்துப் பார்த்தோம். மாமாவின் செட் சூடாகும், ட்ரான்ஸ்போமர் ஹம் கட்டிலில் படுத்திருந்தாலும் கேட்கும். பாட்டு ஓடும்போது அதன் குரலில் எங்களுக்குக் குறை தெரியவில்லை. அம்மாயி பேச்சை நிறுத்துகிற இடங்களில்தான் அந்த ஹம் தெரியுது, அவர் அடிக்கடி நிறுத்துவார். புதுப் போர்ட் 12 வோல்ட்டிலும் ஓடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது லைட்டுக்கு வாங்கின பெற்றரியில் அதைக் கொழுவினோம். சுத்தமான அமைதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதில் ஏழெட்டு வாட்ஸ்தான் வரும். பக்கத்துக் காம்பிரா ஆயா சுவரைத் தட்டுவதற்கு அது தாராளம்.

ஸ்பீக்கர் பெட்டியும் மாமா செய்ததுதான். தேயிலை காகிதச் சாக்குக்கு மாறுவதற்கு முந்தின காலத்துப் பெட்டிப் பலகை, மெல்லிசு, சத்தம் வைத்தால் தானும் பாடும். உள்ளே ஒரு குறுக்குக் கட்டை, ஒரு பழைய கம்பளித் துண்டு. செலவே இல்லாமல் இது கொடுத்த மாற்றத்தை எந்த டாக்கும் தரவில்லை.

கசட்டுக்கு வந்தால் இதையெல்லாம் ஒரு ஸ்க்ரூ தூக்கிச் சாப்பிட்டது. டேப்பில் ஒலியை வாசிக்கிற ஹெட் நாடாவுக்கு நேராக நிற்கணும். அம்மாயி பேசின டூ-இன்-வன்னில் அது கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கு, சாய்வாகவே பதிவாகியிருக்கு. நேரான ஹெட் உள்ள நல்ல டெக்கில் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. கசட்டை ஓடவிட்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பினோம். ஓரிடத்தில் ‘ச’வும் ‘ஸ’வும் சட்டென்று பிரிந்தன. சின்னம்மா பேரை அம்மாயி சொல்கிற விதம் அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. சின்னம்மா எழும்பி இஸ்தோப்புக்குப் போயிட்டாங்க.

அதைக் கம்பியூட்டரில் ஏற்றுவதற்கு லைன்-இன் உள்ள ஒரு யூஎஸ்பி கார்ட் போதும். 24 பிட்டா, 96 கிலோஹெர்ட்ஸா என்று தலையை உடைக்கத் தேவையில்லை. சாதாரணக் கசட்டின் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் நடுவில் சுமார் 50 டெசிபல்தான் இருக்கு. சீடியின் 16 பிட்டே 96 டெசிபல் தாங்கும்.

பூண்டுலோயா மடகொம்பரையில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார், ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று அது புத்தகமாக இருக்கு. அதனால் சொற்கள் பிழைத்தன. பாடினவர் எந்த எழுத்தை இழுத்தார், மேட்டில் ஏறுகிற மூச்சு எங்கே வாங்கியது என்பது காகிதத்தில் ஏறுவதில்லை. எங்கள் லயத்திலேயே இந்த மாதிரிக் கசட்டுகள் தகரப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கு. அதனால்தான் இருக்கிற காசை டாக்குக்குப் போடாமல் டெக்குக்கு ரப்பர் பெல்ட் வாங்கப் போட்டோம்.

சேதி பரவி, இப்போது மேல் லயத்திலிருந்து மூன்று கசட் வந்திருக்கு. ஒன்று சவூதிக்குப் போய் வந்தது, ஒன்றில் நாடா அறுந்திருக்கு, மற்றதில் என்ன இருக்கிறதென்று கொண்டு வந்தவருக்கே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரூவைத் திரும்பவும் திருப்பணும். மழை விடட்டும் என்று வைத்திருக்கிறோம்.