மொழிக்கு 20,000 யென்

2025 ஜூன் 5 அன்று நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 சந்தைக்கு வந்தது. முதல் நான்கு நாள்களில் உலகெங்கும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. அதன் 7.9 அங்குலத் திரை, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகள், மேசைமீது வைத்து மவுஸ் போல் நகர்த்தும் வசதி ஆகியவை பற்றியெல்லாம் போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. ஜப்பானிய விலைப்பட்டியலில் இருந்த இரண்டு வரிகளோ மொழியியல் படிப்போரின் கண்ணில் அதிகம் படவில்லை. வெளியீட்டின்போது ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட கருவி 49,980 யென். பல மொழிகள் கொண்ட கருவி 69,980 யென். இரண்டும் ஒரே கருவி; திரையும் சில்லும் நினைவகமும் ஒன்றே. வேறுபாடு மொழித் தேர்விலும், கணக்கை எந்த நாட்டின் பெயரில் வைத்துக்கொள்ளலாம் என்பதிலும் மட்டுமே. மொழிக்குத் திறந்த சந்தையில் இவ்வளவு துல்லியமான விலை ஒட்டப்படுவது அரிது.

இது ஏன் கவனத்துக்குரியது என்பதை உணர முந்தைய கருவிக்குச் செல்ல வேண்டும். 2017 மார்ச் 3 அன்று வந்த முதல் ஸ்விட்ச், கையிலும் தொலைக்காட்சியிலும் ஆடக்கூடிய கலப்புக் கருவி என்று புகழ்பெற்றது. அதைவிட அமைதியாக நிகழ்ந்த மாற்றம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய 3டிஎஸ் கருவி வட்டாரப் பூட்டு உடையது: டோக்கியோவில் வாங்கிய விளையாட்டு நியூயார்க் கருவியில் ஓடாது. ஸ்விட்ச் அந்தப் பூட்டை அகற்றியது. எங்கு வாங்கிய அட்டையும் எங்கும் ஓடியது. கருவியின் மொழியை மாற்றினால் பல விளையாட்டுகள் தாமும் மொழி மாறின. அதன் விளைவாக அந்த விளையாட்டுத் தொகுப்பு, எவரும் திட்டமிடாமலேயே, இணைமொழிப் பனுவல்களின் பெருந்தொகுப்பாகவும் ஆயிற்று.

முதல் நாள் வெளியீடான ‘செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ இதற்கு நல்ல சான்று. தொடக்கத்தில் அதன் குரல்மொழி கருவியின் மொழியைச் சார்ந்தே இருந்தது. 2017 மே மாதப் புதுப்பிப்புக்குப் பின், எழுத்து ஒரு மொழியிலும் குரல் வேறொரு மொழியிலும் வைத்து ஆட முடிந்தது. ஓராண்டுக்குள் சீனமும் கொரியமும் சேர்ந்தன. அந்த விளையாட்டில் நாயகனின் பயணக் குறிப்பேடு ஒன்று வருகிறது. ஜப்பானியப் பதிப்பில் அது தன்மை இடத்தில், நாயகனே எழுதும் நாட்குறிப்பாக அமைந்தது. ஆங்கிலப் பதிப்பில் அந்தத் தன்மைக் குரல் இல்லை. விளையாட்டு முழுவதும் வாய் திறக்காத ஒரு பாத்திரம், ஒரு மொழியில் மட்டும் தன் மனத்தை எழுதிவைக்கிறது. எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நடத்தும் ஜப்பானியத்தின் இயல்பும், யார் பேசுவது என்று அறிவித்தே தீர வேண்டிய ஆங்கிலத்தின் கட்டாயமும் எதிரெதிரே நிற்பதை, பாடநூலின் உதவியின்றி ஒரு மாணவர் இங்கே காணலாம். அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தானை மாற்றினால் போதும். 49,980 யென் கருவியில் கருவிமொழிக்கென அத்தகைய பொத்தான் இல்லை.

நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். யென்னின் மதிப்பு பல ஆண்டுகளாகச் சரிந்து, 2024 கோடையில் ஒரு டாலருக்கு 160 யென்னைத் தாண்டியது. அமெரிக்க விலையான 449.99 டாலரை 2025 வசந்த கால மாற்று விகிதத்தில் யென்னாக்கினால் 65,000ஐத் தாண்டும். அதே விலையை உள்நாட்டில் வைத்தால் ஜப்பானியக் குடும்பங்களுக்கு அது எட்டாது. குறைத்து வைத்தாலோ மறுவிற்பனையாளர்கள் அள்ளிச் சென்று வெளிநாட்டில் விற்பார்கள். ஆகவே கப்பலேறிச் செல்ல முடியாத பொருளாக அதை ஆக்க வேண்டும். அதற்குக் கிடைத்த மலிவான வேலி மொழி. உலகில் ஏறத்தாழ ஒரே நாட்டில் மட்டும் பெருந்திரளாகப் பேசப்படும் மொழி என்பதால்தான் இந்த வேலி பயன்படுகிறது. ஆங்கிலத்தையோ ஸ்பானியத்தையோ வைத்து இவ்வாறு ஒரு நாட்டைச் சுற்றிக் கட்ட இயலாது. வெளியீட்டு விலையில் ஜப்பானியச் சிறுவன் ஒருவனுக்கு 20,000 யென் மிச்சமானது என்பது மெய்யான நன்மை. அதை ஏளனம் செய்வது நேர்மையாகாது.

ஆனால் வேலி, நாட்டின் எல்லையில் நிற்கவில்லை, நாட்டுக்குள்ளேயே நிற்கிறது. 2024 இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டினர் 37 லட்சத்துக்கும் அதிகம். சீனர், வியட்நாமியர், கொரியர், பிலிப்பினர், பிரேசிலியர், நேபாளியர் எனப் பலர். ஹமாமட்சு போன்ற தொழில்நகரங்களில் போர்த்துகீசியம் பேசும் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்கின்றன. இக்குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் ஜப்பானியம் படிக்கிறார்கள். அவர்களுக்கு மலிவான கருவி தடையல்ல. தடை பெற்றோருக்கு. பிள்ளை எவ்வளவு நேரம் ஆடலாம், யாருடன் பேசலாம், எதை வாங்கலாம் என்று முடிவு செய்யும் பக்கங்களில் காஞ்சி எழுத்துகள் நிறைந்திருக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 காஞ்சி எழுத்துகள் உள்ளன. தொழிற்சாலையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு வரும் தந்தைக்கு அவற்றைக் கற்க நேரமிராது. தன் மொழியில் அப்பக்கத்தைப் படிக்க அவர் தரவேண்டியிருந்த கூடுதல் தொகை, வெளியீட்டு விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. குறைந்த ஊதியம் பெறுபவரிடமிருந்தே அதிகம் கேட்கிறது இந்த வேலி.

பணம் இருந்தாலும் தொடக்கத்தில் கருவி கிடைத்துவிடவில்லை. பன்மொழிக் கருவி நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் மட்டுமே விற்கப்பட்டது. அங்கே முதல் குலுக்கலில் பெயர் கொடுக்க இரண்டு முதன்மை நிபந்தனைகள்: 2025 பிப்ரவரி இறுதிக்குள் பழைய ஸ்விட்சில் 50 மணிநேரமாவது ஆடியிருக்க வேண்டும், இணையச் சேவைக்கு மொத்தம் ஓராண்டாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். பலருக்குக் கிடைக்காது என்று தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா முன்கூட்டியே வருத்தம் தெரிவித்தார். அதற்குச் சற்று முன்பு, மார்ச் 25 முதல், ஜப்பானிய மின்கடையில் வெளிநாட்டுக் கடன் அட்டைகள் ஏற்கப்படுவதும் நின்றிருந்தது. மோசடியைத் தடுக்க என்று காரணம் கூறப்பட்டது. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே காரணம் உண்டு. சேர்த்துப் பார்த்தால், அண்மையில் வந்து குடியேறியவருக்கு எல்லாக் கதவுகளும் ஒரே பக்கமாகச் சாத்தப்படுகின்றன.

மொழியைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறைக்கு மொழியியலில் ஒரு பழம்பெயர் உண்டு: ஷிப்போலெத். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் ஆற்றுத் துறையில் அச்சொல்லை ஒலிக்கத் தெரியாதவர்கள் எதிரிகள் என்று கண்டறியப்பட்டார்கள். அங்கே பறிபோனது உயிர்; இங்கே பணம் மட்டுமே. ஆகையால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. வழிமுறையின் ஒற்றுமையை மட்டும் கவனிக்கலாம். சந்தை அறிய விரும்புவது ‘நீ எங்கே வசிக்கிறாய்’ என்பதை. கேட்பதோ ‘உனக்கு எந்த மொழி வேண்டும்’ என்பதை. ஒரு மொழிக்கும் ஒரு மண்ணுக்கும் ஒரு மக்களுக்கும் முடிச்சுப் போடும் பழைய கருத்தை மொழியியலாளர்கள் பல தலைமுறைகளாக அவிழ்த்துவருகிறார்கள். விலைப்பட்டியல் ஒன்று அதை ஒரே வரியில் மீண்டும் கட்டிவிட்டது.

விளையாட்டுத் தொகுப்பின் பக்கமும் ஒரு பூட்டு விழுந்திருக்கிறது. ‘சைபர்பங்க் 2077’ முழுமையாக 64 ஜிபி அட்டையிலேயே வந்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ போன்ற வேறு பல, கேம்-கீ கார்டு என்னும் புதுவகை அட்டையில் வந்தன. அதற்குள் விளையாட்டு இல்லை. திறவுகோல் மட்டுமே உண்டு. அட்டையைச் செருகி, இணையத்திலிருந்து முழு விளையாட்டையும் இறக்கிக்கொள்ள வேண்டும். பின்னும் ஒவ்வொரு முறையும் அட்டை செருகியிருக்க வேண்டும். இரவல் தரலாம், விற்கலாம் என்பது உண்மை. ஆனால் வழங்கி ஒருநாள் நிறுத்தப்பட்டால் புதிதாக இறக்குவோர் கையில் வெறும் நெகிழித்துண்டே மிஞ்சும். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் பொதி வடிவ மின்வெளியீடுகளையும் சட்டப்படி சேகரித்து வருகிறது. காணொளி விளையாட்டுகளும் அதில் அடக்கம். இந்தத் திறவுகோல் அட்டைகளுக்குள் உள்ளடக்கம் இல்லாததால் அவை தன் சேகரிப்பு வரம்புக்குள் வரா என்று அந்நூலகம் 2025இல் விளக்கியது.

இதை விளையாட்டு ஆர்வலரின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றைய ஜப்பானிய இளைஞர்கள் வாசிக்கும் உரையாடல்களில் கணிசமான பகுதி விளையாட்டுகளுக்குள் இருக்கிறது. வட்டார வழக்கு, மரியாதைச் சொல், பாத்திரத்துக்கேற்ற வாக்கிய ஈறுகள் ஆகியவற்றை ஆராயப்போகும் நாளைய ஆய்வாளர் நூலகத்தில் எதைத் திறப்பார்? நாவல் இருக்கும், வார இதழ் இருக்கும். விளையாட்டு இருந்த இடத்தில், சேகரிக்க இயலாதது என்ற முடிவு மட்டும் இருக்கும்.

ஸ்விட்ச் 2இன் பன்மொழிப் பட்டியலில் இந்திய மொழி எதுவும் இல்லை. இங்குள்ளவர் 69,980 யென் கொடுத்தாலும் தன் மொழியில் ஆட முடியாது. அவருக்கு அது பிறர் மொழிகளுக்கான கட்டணம். ஆகையால் இந்த விலைவேறுபாடு தம்மைத் தொடாது என்று இந்திய வாசகர் கருதக்கூடும். பட்டியலில் இடம்பெறுவதே உரிமை என்று இதுவரை எண்ணப்பட்டது. இடம்பெற்ற பின்னும் அதற்குத் தனிவிலை வைக்கலாம் என்பதை இக்கருவி காட்டியிருக்கிறது. வங்கிச் செயலியிலும் மருத்துவமனைப் படிவத்திலும் தம் மொழியைக் கேட்டு நிற்போர், இனி இரண்டாவது கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும்: எங்கள் மொழி இருக்கிறதா, இருந்தால் அதே விலைக்கா?