யூரியாவுக்கு எல்லைக்கோடு தெரியாது

பாக்கு நீரிணை பற்றி நாங்கள் கதைக்கத் தொடங்கினால் இரண்டு விசயந்தான் வரும்: கச்சதீவு, இழுவைப்படகு. இரண்டும் நியாயமான கதைதான். ஆனால் படகையாவது பிடிச்சு வழக்குப் போடலாம். தோட்டத்தில இருந்து கடலுக்குப் போற நைதரசனை ஆர் பிடிக்கிறது?

யாழ்ப்பாணத்தில வற்றாத ஆறு இல்லை. கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்குப் போட்ட யூரியாவில பயிர் எடுக்காத மிச்சமும், மலசலகூடக் குழியில ஊறுவதும் அதன் வெடிப்புகளால நிலத்தடி நீருக்கு இறங்குது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கு. அந்த நீர் கடைசியில் கடலுக்குத்தான் போகும்.

கடலில சத்துக் கூடினால் நுண்பாசி பெருகும்; அது அழுகும்போது ஒட்சிசன் குறையும். 2019இல் மண்டபம் பக்கம் நொக்டிலூக்கா பெருகிக் கடல் பச்சையானது. மீனும் பவளமும் செத்தன. அந்தக் கரையிலும் இறால் பண்ணை, நகரக் கழிவு, வயல் எல்லாம் உண்டு. நீரோட்டமோ பருவத்துக்குப் பருவம் திசை மாறும். ஆருடைய நைதரசன் ஆருடைய கடலில எண்டு 1974இல் கீறின கோடு சொல்லாது.

அதே 1974இல், பனிப்போருக்கு நடுவிலயும், போல்டிக் கடலைச் சுற்றியிருந்த நாடுகள் ஹெல்சிங்கியில் ஒரு உடன்படிக்கை செய்தன. 2007இல் நைதரசன், பொசுபரசு இரண்டையும் எந்த நாடு எவ்வளவு குறைக்க வேணும் எண்டு பங்கு பிரித்தன. அந்தக் கடல் இன்னும் முழுசாகத் தேறவில்லை. ஆனால் கேள்வி கேக்க அவையளிட்ட ஒரு கணக்கு இருக்கு.

எங்களிட்டயும் 2019 கொழும்புப் பிரகடனம் இருக்கு: 2030க்குள் நைதரசன் விரயத்தைப் பாதியாக்குவது. பாக்கு நீரிணைக்கு எண்டு அதில் ஒரு பங்கும் இல்லை. 2021 மே மாதம் போல இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன நடக்கும் எண்டு பார்த்தாச்சு. விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையும் போனது, நட்டம் மட்டும் விவசாயியோட நிண்டது.

அதனால நாங்கள் கேக்கிறது சின்ன விசயம். இரண்டு கரையிலும் ஒரே மாதத்தில், ஒரே முறையில் நீரை அளந்து, முடிவைத் தமிழில் பொதுவில் போடுங்கோ. மீனவர் பேச்சுவார்த்தை மேசையில படகோட சேர்த்து இதையும் வையுங்கோ. கடலுக்காக இல்லாட்டியும், நாங்கள் குடிக்கிற கிணத்துக்காகவாவது.