பத்துக்குப் பத்து பங்களா!

திருவல்லிக்கேணியில ரூம் கிடைச்சாச்சா? கங்கிராட்ஸ் பாஸ்! பேச்சுலருக்கு வீடு கொடுக்கிற ஓனரைக் கண்டுபிடிக்கிறதே பாதி டிகிரி வாங்கின மாதிரி. ஆனா உள்ளே நுழைஞ்சா... அழுது வடியுற சுவர், ஒத்தை ட்யூப்லைட், முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போன காலண்டர்!

'ஆணி அடிக்கக் கூடாது தம்பி' - இது ஓனரோட முதல் கட்டளை. மீறினா அட்வான்ஸ்ல கை வைப்பார். (2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க. முதல் நாளே சுவரையெல்லாம் போட்டோ எடுத்து வைங்க!)

சனிக்கிழமை காலையில பாரிமுனைக்கு பஸ் ஏறுங்க. கோடவுன் தெரு. ஊருக்கே துணி சப்ளை பண்ற மொத்த வியாபாரச் சந்து. மூட்டை தூக்குறவங்க 'வழி, வழி'னு வருவாங்க, ஒதுங்கிடுங்க. பெரிய கடைகள்ல உங்களைக் கண்டுக்கவே மாட்டாங்க. சில்லறையா கிழிச்சுத் தர்ற கடையைத் தேடி, நல்லா அடிக்கிற கலர்ல ரெண்டு மீட்டர் வாங்குங்க. ஜன்னல் கம்பியில இருந்து பரண் வரைக்கும் ஒரு கயிறு கட்டி அதுல தொங்க விட்டா, பாதி சுவர் மறைஞ்சாச்சு. ஆணியே வேணாம்!

அடுத்து, புரசைவாக்கம் பக்கம் கொசப்பேட்டை. பேரே சொல்லுது, குயவர் ஊர். விநாயகர் சதுர்த்தி, கொலு சீசன்ல கால் வைக்க இடம் இருக்காது. மத்த நாள்ல நிதானமா பேரம் பேசலாம். ஒரு சின்னப் பானை போதும், பேனா, ஸ்கேல், சீப்பு எல்லாம் அதுக்குள்ள செட்டில்.

ஞாயித்துக்கிழமைக்கு வெளியூரே போக வேணாம். உங்க ஏரியா பாரதி சாலை, அதாங்க பழைய பைகிராஃப்ட்ஸ் ரோடு, பிளாட்பாரத்துல பழைய புஸ்தகம் குவிஞ்சு கிடக்கும். படம் போட்ட பழைய பத்திரிகை சிக்கினா விடாதீங்க. பக்கங்களைப் பிரிச்சு, அதே கயித்துல துணி கிளிப் போட்டு மாட்டுங்க. செலோ டேப் மட்டும் வேணாம், உரிக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும். இருட்டுல மின்னுற பிளாஸ்டிக் நட்சத்திரமும் வேணாமே, ப்ளீஸ்!

கடைசியா மணி பிளான்ட். காசு கொடுத்து வாங்காதீங்க. ஹவுஸ் ஓனர் மாமிகிட்டயே ஒரு கிளை கேளுங்க, பேச்சுவார்த்தையும் சுமுகமாகும். பாட்டில் தண்ணியை வாரம் ஒரு தடவை மாத்திடுங்க. இல்லைனா டெங்கு கொசு ரூம்மேட்டா வந்துடும், வாடகையில பங்கும் தராது!