எட்டு நாளைக்கு யார் பார்த்துக்குவா?

2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தையல் கடை வைத்திருக்கும் தோழியின் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது ஒருத்தி வங்கியில், ஒருத்தி தையல் மிஷினில், ஒருத்தி மருத்துவமனையில் செவிலியர், நான் ஓர் அலுவலகத்தில் கிளார்க். நாற்பது வயதுக்குள் சேர்ந்து எங்காவது போக வேண்டும் என்று விடுதியில் சொல்லிக்கொண்டோம். நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

இந்தியர்களுக்கு 2024 மார்ச் 31 வரை விசா கட்டணம் இல்லை என்று இலங்கை அறிவித்திருந்தது. மதுரையிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கொடைக்கானலுக்கு பஸ்ஸில் போக அதைவிட நேரமாகும். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய்க்கு மேல் கிடைத்தது. "சிலோன்தான்டி" என்று வங்கிக்காரி நோட்டை விரித்தாள்.

தலைக்கு விமானக் கட்டணம் போக வர 16,500. நாலு பேருக்கு ஒரே அறை என்றால் ஏழு இரவுக்குத் தலைக்கு 3,500. ரயில், பஸ் 2,500. சாப்பாடு 5,600. நுழைவுக் கட்டணங்கள் 2,400. அவசரத்துக்கு 3,000. ஆக மொத்தம் 33,500 ரூபாய். மாதம் எவ்வளவு ஒதுக்கினால் பிப்ரவரிக்குள் சேரும் என்றும் எழுதினாள். கண்டியில் இரண்டு இரவு, நுவரெலியாவில் ஒன்று, எல்லவில் இரண்டு, காலியில் ஒன்று, கடைசியாக கொழும்பு. சீகிரியாவின் டாலர் டிக்கெட் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று அடித்துவிட்டோம். யாழ்ப்பாணத்துக்கு ஒரு வாரம் போதாது, அதற்குத் தனியாகப் போவோம் என்று முடிவானது.

இரண்டு பேருக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. தையற்காரி பயந்தது வீட்டுக்காரரின் கையெழுத்துக்கு. 2016 இறுதியில் விதிகளை மாற்றிவிட்டார்கள், திருமணச் சான்றிதழ்கூட வேண்டாம் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. 1,500 ரூபாய் கட்டி, தன் ஆதாரோடு தனியாகப் போய்விட்டு வந்தவள், "என் பேரைத் தவிர யார் பேரையும் கேக்கலடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவர் மட்டும், "சார் இல்லையா?" என்று கேட்டாராம்.

பணம் சேர்ந்துவிடும் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான கணக்கு தொடங்கியது. எட்டு நாளைக்கு யார் பார்த்துக்குவா?

வங்கிக்காரியின் மாமியார் பதினொரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, இரவில் இரண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள். பகலில் அவளுடைய மகள் பார்த்துக்கொள்வாள், அல்லது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். மகன் என்ற ஒருவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். எட்டு நாளைக்கு அவர் பார்க்கட்டுமே என்று நான் சொன்னேன். "அத்தை கூச்சப்படுவாங்க, அவரும் கூச்சப்படுவார்" என்றாள். ஆள் தேடினோம். நாள் முழுக்க இருந்து பார்க்க ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். எட்டு நாளைக்கு 9,600. சமையலுக்குத் தனியாக 3,200. மொத்தம் 12,800. விமானக் கட்டணத்தை எட்டிப் பிடிக்கும் தொகை.

அவள் அந்தத் தொகையை நோட்டில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தின் கீழே, கணக்குப் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்காமல், 1,200-ஐ 365-ஆல் பெருக்கி, அதை 11-ஆல் பெருக்கினாள். 48,18,000. யாரும் பேசவில்லை. அவள் வீட்டுக் கடன்கூட அவ்வளவு கிடையாது.

பார்த்துக்கொள்ள வர ஒத்துக்கொண்ட அக்காவுக்கும் ஒரு கேள்வி இருந்தது. எட்டு நாளும் தன் பேரனைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது? அதற்கு அவருடைய தங்கையைப் பிடித்தார். ஒரு பெண் வெளியே போக, அவளுக்குப் பின்னால் எத்தனை பெண்கள் இடம் மாறி நிற்க வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

என் வீட்டில் தடை எதுவும் இல்லை. "போயிட்டு வா" என்று அவர் உடனே சொல்லிவிட்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புறப்படும் முன் வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இரண்டு டப்பா மாவு, எட்டு நாளுக்கும் தேய்த்த சட்டைகள், எந்த நாள் என்ன சமைக்கலாம் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். இதைப் பெருமையாகச் சொன்னபோது தையற்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீ லீவு எடுக்கலடி. எட்டு நாள் வேலையை முன்னாடியே பார்த்துக் கொடுத்திருக்க." அன்றிரவு அந்தத் தாளைக் கிழித்தேன். தொக்கைக் கொட்ட மனசு வரவில்லை. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் செவிலியர் தோழி கோத்தகிரிக்காரி. அவளுடைய அம்மா பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1948-இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட குடும்பம். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி 'தாயகம்' திரும்பியவர்கள். இதெல்லாம் விடுதி நாட்களிலேயே எங்களுக்குத் தெரியும். ஆனால் அதுவரை எங்கள் நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. 'எல்லவுக்கு ரயில் பயணம், தேயிலைக் காட்சி, கொழுந்து பறிக்கும் பெண்களோடு போட்டோ' என்று நான்தான் எழுதியிருந்தேன்.

அவள் அதைத் தன் அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா சிரித்தாராம். "அந்தக் கோச்சியில நான் ஒரே ஒரு தடவைதான் ஏறுனேன். ஊரை விட்டு வர்றப்ப. அதை ஒப்பாரிக் கோச்சின்னு சொல்லுவாங்க. ஸ்டேஷன்ல ஏறுறவங்களும் அழுவாங்க, நிக்கிறவங்களும் அழுவாங்க. சன்னல் வழியா நான் என்னத்தப் பார்த்தேன்?" பிறகு இன்னொன்றும் சொன்னாராம்: "படம் எடுக்கிறதா இருந்தா கேட்டுட்டு எடுங்க. அந்த நேரத்துல அவ பறிக்கிற கொழுந்து குறைஞ்சா, அரைப்பேர்தான் போடுவாங்க."

அன்று திட்டத்தைத் திருப்பி எழுதினோம். எல்லவில் இரண்டு இரவு என்பதை ஒன்றாகக் குறைத்து, பண்டாரவளையில் ஓர் இரவு சேர்த்தோம். கடலே பார்க்காமல் வந்துவிடுவோமோ என்று தையற்காரிக்குக் கவலை. காலியை விடுவதில்லை என்று சத்தியம் செய்தோம்.

வங்கிக்காரி இன்னொரு கணக்கும் போட்டாள். தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021-லிருந்து அப்போது வரை 1,000 ரூபாயாக இருந்தது, இலங்கைப் பணத்தில். நம் கணக்கில் சுமார் 270. நாங்கள் 'மலிவு' என்று மகிழ்ந்த அறைக்கு, ஓர் இரவுக்கு ஒருத்தியின் பங்கு 500. தேயிலை மலையைப் பார்த்தபடி நான் தூங்கும் ஒரு ராத்திரி, அந்த மலையில் கூடை சுமப்பவளின் ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு. அங்கே போகாமல் இருந்தால் இது சரியாகிவிடாது. ஆனால் தெரியாமல் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

பிப்ரவரியில் போனோம். ரயிலில் முன்பதிவு கிடைக்கவில்லை. நானுஓயாவில் மூன்றாம் வகுப்பில் ஏறி, பட்டிப்பொல வரைக்கும் நின்றுகொண்டே போனோம். 1,898 மீட்டர், அந்த நாட்டிலேயே மிக உயரமான ரயில் நிலையம். மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்தது. வாசலில் தொங்கிப் படம் எடுத்தவர்கள் கூச்சல் போட்டார்கள். அந்தப் பாதையை வெள்ளைக்காரர்கள் போட்டது வேடிக்கை பார்க்க அல்ல. முதலில் காப்பி, பிறகு தேயிலை, இரண்டையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க. கோத்தகிரிக்காரி மட்டும் எந்தப் படமும் எடுக்கவில்லை. அப்புத்தளையைத் தாண்டியதும் அம்மாவுக்கு போன் போட்டு, ஒன்றும் பேசாமல், சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ரயில் சத்தத்தைக் கேட்கவிட்டாள்.

மறுநாள் அம்மா சொன்ன தோட்டத்தைத் தேடிப் போனோம். வேலை முடிந்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், எங்கள் வயதுதான் இருக்கும், ப்ளேன்டீ கொடுத்தார். நாங்கள் நான்கு பேர் மட்டும் வந்திருக்கிறோம் என்றதும், "அப்ப வீட்டுல யாரு சமைக்கிறா?" என்று கேட்டார். மதுரையில் இதே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது குத்திக் காட்ட. இவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆள் வைத்ததை, அதற்கு ஆன செலவை, தொக்குக் கதையை எல்லாம் சொன்னோம். கேட்டுவிட்டு, "எனக்கு லீவுன்னா காய்ச்சல் வந்தாத்தான்" என்று சிரித்தார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் எண்ணமே எங்களுக்கு வரவில்லை.

காலியில் தையற்காரி சுடிதாரோடு கடலில் இறங்கி, இருட்டும் வரை கரைக்கு வரவில்லை.

திரும்பி வந்த வாரம் வங்கிக்காரி அந்த நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறாள். அவள் கணவர் 12,800-ஐப் பார்த்து, "இவ்வளவா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். அவள் எதுவும் சொல்லாமல், பக்கத்தின் அடியில் இருந்த 48,18,000-ஐக் காட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையைக் குளிப்பாட்டுவது மகனின் வேலை. முதல் ஞாயிறு அத்தை கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டாராம். மூன்றாவது ஞாயிறு, "தண்ணி சூடு பத்தல" என்று அதட்டினாராம்.

மற்ற ஆறு நாட்கள் இன்னும் அவள் கணக்கில்தான் இருக்கின்றன. நோட்டை மூடவில்லை. அடுத்தது யாழ்ப்பாணம். இந்த முறை பக்கத்தின் முதல் வரியில் விமானக் கட்டணத்துக்கு முன்னால் எழுதியிருக்கிறோம்: எட்டு நாளைக்கு யார் பார்த்துக்குவா, அவருக்கு எவ்வளவு?