ஒரு கிண்ணம் கஞ்சி

1984ஆம் ஆண்டு அலுவல் நிமித்தம் அன்றைய கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தேன். பசித்தோர்க்கும் பிணியுற்றோர்க்கும் செய்வது ஆண்டவருக்கே செய்வதென்று உணர்த்தும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தைப் பாளையங்கோட்டையில், பிள்ளைப் பருவத்திலேயே, பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு பெற்றவன் நான். ஆகவே, காளிகாட்டில் அன்னை தெரேசா 1952இல் தொடங்கிய ‘நிர்மல் ஹிருதய்’ இல்லத்துக்கு ஞாயிறு ஆராதனை முடிந்து தொண்டு செய்யச் சென்றபோது, அவ்வதிகாரத்தையே நிறைவேற்றுவதாக எண்ணிக்கொண்டேன். அப்பெருமிதம் இன்று நகைப்பையே தருகிறது.

முதியவர் ஒருவருக்குக் கஞ்சி புகட்டச் சொன்னார்கள். நின்றவாறே கரண்டியை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீண்டும் நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டார். அருகே துணி மடித்துக்கொண்டிருந்த வங்காளப் பெரியவர், “உட்கார்ந்து கொடுங்கள்” என்று மட்டும் தம் மொழியில் சொன்னார். தரையில் அமர்ந்தேன். தாழ்ந்த கட்டில், என் முகம் அவர் முகத்துக்கு நேராக வந்தது. வாய் திறந்தார். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரமாயிற்று.

அந்த முக்கால் மணி நேரமும் என் கண்முன் இருந்தவர் என் தந்தையார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவருக்கு ஊரில் அக்காள்தான் மூன்று வேளையும் ஊட்டிவந்தாள். நான் மணியார்டர் அனுப்பிவந்தேன். ஒரு மாதமும் தவறியதில்லை. அன்றிரவு ஜெபிக்க முழந்தாளிட்டபோது, பழகிய சொற்கள் எவையும் வரவில்லை.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஊர் சென்றேன். அக்காள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலின் விளிம்பில் அமர்ந்தேன். இரண்டு வாய் உண்டபின் அப்பா குழறிய நாவால் கேட்டார்: “எத்தனை நாள் லீவு, எய்யா?”