ஹில் ஸ்திரீட் மணிச் சத்தம்

கட்டடம் அப்படியேதான் நிற்கிறது. அதனால்தான் என் துக்கம் யாருக்கும் எளிதில் பிடிபடுவதில்லை. போர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், ஹில் ஸ்திரீட்டில், செங்கல் சிவப்பும் சுண்ணாம்பு வெள்ளையும் பட்டை பட்டையாக மாறி மாறி ஏற, உச்சியில் ஒரு காவல் கோபுரத்தோடு 1909 முதல் நிற்கும் மத்தியத் தீயணைப்பு நிலையத்தைப் பார்க்காத சிங்கப்பூரர் குறைவு. 1998 டிசம்பரில் அதைத் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினார்கள். இன்றும் அங்கிருந்து வண்டிகள் கிளம்புகின்றன. இடிந்த வீட்டுக்காக அழுபவளிடம் நாலு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். நிற்கிற வீட்டுக்காக ஏங்குபவளிடம் யார் வந்து என்ன சொல்வது?

நான் அந்த நிலையத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கீழே வண்டிகள். மேலேயும் பின்னாலும் தீயணைப்பாளர்களின் குடும்பங்கள். நடுவே பயிற்சித் திடல். அப்பாவின் வேலையிடமும் எங்கள் சமையற்கட்டும் ஒரே வளாகம். உங்களில் ரயில்வே குவார்ட்டர்ஸிலோ, துறைமுக லயத்திலோ, செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பிலோ வளர்ந்தவர்கள் இருந்தால், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வேலை என்பது அப்பா காலையில் கிளம்பிப் போய்ச் சேரும் இடமாக இல்லாமல், நாம் தூங்கும் அறையின் தரைக்கு அடியிலேயே கண்விழித்துக் கிடப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் போனது நிலையத்தின் அந்த அபாய மணி.

அது அடிக்கும்போது சுவர் கேட்கும், படிக்கட்டு கேட்கும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் கேட்கும். அம்மா தாளிக்கக் கடுகை எடுத்த கையோடு நின்றுவிடுவாள். அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்திருப்பார். கழுவுவதற்கு நேரமிருக்காது. கம்பத்தில் வழுக்கி இறங்கும் பூட்ஸ்களின் ஓசை, டென்னிஸ் கம்பெனித் தீயணைப்பு வண்டியின் எஞ்சின் முதலில் இருமிப் பிறகு உறுமுவது, வாசலைத் தாண்டியதும் வண்டியின் சொந்த மணியை யாரோ ஒருவர் விடாமல் ஆட்டிக்கொண்டே போவது, அந்த ஓசை கோல்மன் ஸ்திரீட் பக்கம் திரும்புகிறதா, ஆற்றுப் பக்கம் போகிறதா என்று வளாகத்துப் பெண்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துக் கேட்பது. பிறகு ஒன்றுமில்லை. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. மேசையில் பாதித் தட்டு.

அந்த அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அடுத்து, கோபுரம். அது நிற்கிறது, ஆனால் அதிலிருந்து பார்க்கும் கண் போய்விட்டது. கட்டிய காலத்தில் ஊரிலேயே உயரமான இடங்களில் ஒன்று அது. உச்சியில் ஆள் நின்று, ஓலைக்கூரைகளுக்கும் கடைவீடுகளுக்கும் மேலே எங்கேனும் புகை எழுகிறதா என்று பார்ப்பார். அப்பா அந்த வரலாற்றைக் கோயில் புராணம் சொல்வதுபோலச் சொல்வார். 1830-இல் பிலிப் ஸ்திரீட்டை அழித்து மார்க்கெட் ஸ்திரீட்டின் ஒரு பக்கத்தையும் தின்ற பெருந்தீ மூன்று நாள் எரிந்தது, அன்றைக்குத் தீயணைக்க என்று தனிப்படை கிடையாது. பின்னால் வந்த பல தீக்களில் சிப்பாய்களோடு, இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் நின்று தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். 1888-இல்தான் முறையான தீயணைப்புப் படை அமைந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த மான்டேகு வில்லியம் பெட், அந்தத் தொழிலை முறையாகக் கற்ற முதல் கண்காணிப்பாளர். அவர் காலத்தில்தான் ஹில் ஸ்திரீட் நிலையம் எழுந்தது, குதிரை இழுத்த நீராவிப் பம்புகளின் இடத்துக்கு மோட்டார் வண்டிகள் வந்தன. “நமக்கு முன்னாடி விலங்கு போட்ட நம்மாளுங்க வாளி தூக்கியிருக்காங்க பாப்பா. நாம பித்தளைத் தொப்பி போட்டுக்கிட்டுப் போறோம்” என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையும் கடனும் சேர்ந்தே இருக்கும்.

அந்தக் குரலும் போய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஈரக் குழாய்களின் வாசனை போய்விட்டது. தீயணைத்துத் திரும்பியதும் முடிந்துவிடும் வேலையல்ல அது. கித்தான் குழாய்களை முற்றத்தில் நீட்டிப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும், அடுத்த தீயில் வெடித்துவிடும். ஆகவே கோபுரத்துக்குள் மேலிருந்து தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். புகை, சேறு, ஈரக் கித்தான், பித்தளை மூட்டுகளைத் துலக்கிய பிராசோ பாலிஷ் எல்லாம் கலந்த அந்த வாசனைதான் எனக்கு வீட்டு வாசனை. பள்ளித் தோழிகளின் வீடுகளில் சாம்பிராணி மணக்கும். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மணக்கும், ஆனால் சனிக்கிழமைக்குள் கித்தான் வென்றுவிடும்.

காலை அணிவகுப்பு போய்விட்டது, அதாவது நான் சன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் காலை. முறை மாறும் நேரத்தில் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள். அப்பாவின் பெயர் வரும்வரை மூச்சை அடக்கி வைத்திருப்பேன். அவர் பதில் சொன்ன பிறகுதான் பள்ளிக்குக் கிளம்ப மனம் வரும்.

பக்கத்து வீட்டு மலாய் அத்தை, எங்கள் மக்சிக், போய்விட்டார். ஹரி ராயாவுக்கு அவர் கொடுத்தனுப்பும் குவே பலகாரம், தீபாவளிக்கு அம்மா தட்டு நிறைய அனுப்பும் முறுக்கும் அச்சுமுறுக்கும், இவை எல்லா அண்டை வீடுகளிலும் நடந்தவைதான். எங்களுக்கென்று இருந்தது வேறு. வண்டிகள் போய் வெகுநேரம் திரும்பாவிட்டால் மக்சிக் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். சீனத்து ஆன்ட்டி ஒருவர் பெரிய கூஜாவில் தேநீரோடு வருவார். யாரும் எதுவும் பேசமாட்டார்கள். பேச அவர்களுக்குள் பொதுவாக இருந்தது கொஞ்சம் கடைவீதி மலாய் மட்டும்தான், அந்த நேரத்துக்கு அதுவும் தேவைப்படவில்லை. எந்த வீட்டு ஆள் அந்த வண்டியில் போயிருக்கிறார் என்பது அப்போது கணக்கில்லை. வண்டி போயிருக்கிறது. அவ்வளவுதான்.

வளாகத்தைச் சுற்றியிருந்த தெருவும் போய்விட்டது. பக்கத்தில் 1835-இல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஹாக் லாம் ஸ்திரீட்டின் கடைகள், மாலையில் அங்கிருந்து எழுந்து வரும் வாணலிச் சத்தமும் பூண்டு வாசனையும், 1970களில் துடைத்தெடுக்கப்பட்டன. ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் 1960-இல் திறந்த செங்கல் நூலகத்துக்கு, முறை முடிந்து கண்ணெரிச்சலோடு இருக்கும் அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். நான் புத்தகம் தேடும்போது அவர் நாற்காலியில் அமர்ந்தபடியே தூங்கிவிடுவார். 2004-இல் அதை மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்தார்கள்.

அப்பா போன தீக்களில் இரண்டை நான் மறக்கவில்லை. 1961 மே 25 அன்று ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. மக்சிக் வீட்டில் விருந்து. பிற்பகலில் மணி அடித்தது. தென்மேற்கே புக்கிட் ஹோ சுவீ கம்போங்கில் தீ. ஓலையும் பலகையுமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த வீடுகள், நல்ல காற்று. சாலையைத் தாண்டி மறுபக்கத்துக்கே தீ தாவிவிட்டது. மாலைக்குள் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். எங்கள் முற்றத்திலிருந்தே புகை சூழ்ந்த வானம் தெரிந்தது. விருந்துச் சட்டிகளை மூடிவைத்துவிட்டு எல்லாப் பெண்களும் வெளியே வந்து நின்றார்கள். அப்பா திரும்பியபோது விடிந்திருந்தது. தண்ணீர் வேகமாக வரவில்லை என்றார். அதைச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தவர், அம்மா பூட்ஸைக் கழற்றும்வரை எழவில்லை.

“என்னங்க, குளிச்சிட்டு வாங்க.”

“கூரை இல்லாத பிள்ளைங்க ரோட்டோரம் படுத்திருக்கு. குளிக்கச் சொல்றியா?”

குளித்தார். ஆனால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அதே நிலத்தில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி எழுப்பியது. ஓலைக்கூரைகளின் நகரம் சிமெண்டுக்கு மாறத் தொடங்கியது அங்கிருந்துதான். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் காப்பாற்ற முடியாமல் போன கம்போங்கின் மேல்தான் இந்த ஊரின் பாதுகாப்பான வாழ்வு கட்டப்பட்டது.

1972 நவம்பர் 21, ராஃபிள்ஸ் பிளேஸில் ராபின்சன்ஸ் அங்காடி எரிந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் சிலர் மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டவர்கள். அது ஓலைக் குடிசையில்லை. நகரத்தின் மிகப் பகட்டான கடை. அன்றிரவு வந்த அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தக் கட்டடத்திலும் மின்தூக்கியில் ஏறியதில்லை. பத்தாவது மாடியானாலும் படிதான்.

பிறகு நாங்களும் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். எல்லாரும் மாறினார்கள். மக்சிக் குடும்பம் ஒரு பக்கம், தேநீர்க் கூஜா ஆன்ட்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். சொந்த வீடு, சொந்தச் சாவி, குழாயைத் திறந்தால் தண்ணீர். அம்மா மகிழ்ந்தாள். அவளுக்கு அந்த மகிழ்ச்சி சேர வேண்டியதுதான். ஆனால் முதல் மாதங்களில் நடு இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். என்னம்மா என்றால், “சத்தமே கேக்கலடி” என்பாள்.

1986-இல் சிராங்கூன் ரோட்டில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இடிந்து 33 பேர் மாண்டார்கள். அந்த இடிபாடு கற்பித்த பாடத்தால் மீட்புப் பணியும் தீயணைப்பும் ஒரே குடையின் கீழ் வரவேண்டும் என்றாகி, 1989 ஏப்ரலில் தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையோடு இணைந்தது. ஓய்வுபெற்றிருந்த அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, நல்ல காரியம் என்றார். அவர் சொன்னது சரி. இன்றைக்கு நெரிசலில் புகுந்து போக ரெட் ரைனோ எனும் சின்ன வண்டிகள் இருக்கின்றன. 995-ஐ அழைத்தால் சில நிமிடங்களில் வந்து நிற்கிறார்கள். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகையறியும் கருவி கட்டாயம். பிள்ளைகள் என் வீட்டிலும் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கூடத்துக் கூரையில் இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு சிமிட்டுகிறது. எனக்காக அது விழித்திருக்கிறது என்று பேரன் சொல்கிறான்.

விழித்திருக்கிறதுதான். ஆனால் அது யாருக்காகவும் கவலைப்படுவதில்லை.

அப்பாவின் குரலைச் சொல்கிறேன் என்றேன். புகை குடித்துக் குடித்துக் கரகரத்த குரல். சத்தமாகப் பேச முடியாது, ஆகவே அருகில் வந்து பேசுவார். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் கதவருகில் நின்று, “நான்தான்” என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். அதைக் கேட்டதும் எங்கள் வீடு மட்டுமல்ல, அந்த மாடி முழுவதும் திரும்பப் படுக்கும். அந்தக் காலத்துத் தொழிலாளர் பலருடைய குரல்களைத் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் பதிவு செய்துவருகிறது. என் அப்பாவின் குரல் எந்த நாடாவிலும் இல்லை. நான் போகும்போது அதுவும் போகும்.

நிலையத்தில் இப்போது மரபுடைமைக் கூடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையங்களைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம், பிள்ளைகள் வண்டியில் ஏறி உட்காரலாம், குழாய் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சலாம். பேரனைக் கூட்டிப்போனேன். பழைய தலைக்கவசங்களும் பம்புகளும் துலக்கமாக இருந்தன. இளம் வீரர்கள் பொறுமையாக, அன்பாக விளக்கினார்கள். எங்கள் சமையற்கட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று காட்ட நினைத்தேன். எந்த வாசலைக் காட்டுவது? வாசல் இருந்தது. வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் இல்லை.

நீங்களும் அப்படி ஒரு லயத்தில் வளர்ந்திருந்தால், உங்களிடம் மட்டும் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் அந்த நாள்களின் இனிமைக்காக ஏங்கவில்லை. இனிமை இங்கேயும் இருக்கிறது. நான் ஏங்குவது அந்தப் பயத்துக்கு. ஊரில் எங்கோ யாருடைய வீடோ எரிந்தால் எங்கள் வீட்டில் சோறு ஆறும். முகம் தெரியாத ஒருவருடைய பிள்ளைக்காக ஒரு மாடி முழுவதும் விழித்திருக்கும். இன்றைக்குப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, என்னைப் பற்றி அவர்களுக்கும் தெரியாது, இருவரும் நலமாகத்தான் இருக்கிறோம். இத்தனை பத்திரமும் அப்பாவைப் போன்றவர்கள் உழைத்து வாங்கிக் கொடுத்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் கேட்டால் சொல்வேன்: இந்தப் பத்திரத்தில் ஓர் இரவைக் கொடுத்து, மக்சிக்கும் ஆன்ட்டியும் அம்மாவும் நானும் தூங்காமல் பயந்திருந்த இரவுகளில் ஒன்றை வாங்க முடியுமானால், விலை பேசாமல் கொடுத்துவிடுவேன்.